லாம்பன் தோட்டம் பாறைத்தோட்டத்தில் ஜெயித்தது

தனசிங்குக்குப் பந்து உதைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபுட்பால் பைத்தியம் என்றதும், ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரராக இருந்து கால் ஒடிந்து உட்கார்ந்தவர் என்று நீங்களாக ஒரு கதை கட்டிக்கொள்வீர்கள். அப்படி ஒரு புண்ணாக்கும் இல்லை. பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்தால் குனிந்து கையால் எடுத்து, துண்டால் துடைத்து, கைக்குழந்தையைக் கொடுப்பது மாதிரி கொடுப்பார். அவ்வளவுதான் அவருக்கும் பந்துக்கும் உள்ள நேரடித் தொடர்பு.

நெல்லியாளத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் லாம்பன் தோட்டம். அங்கே தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் வாட்ச்மேன் ஆனவர் தனசிங். நான் அங்கே கிளை போஸ்ட் ஆபீசில் இருந்தேன். பெயர் வேலன், சொந்த ஊர் காரமடை. தொண்ணூறில் வந்தவன். வந்த முதல் வாரமே என்னிடம் தபால் தலை கேட்காமல், "நீங்க எந்தக் கால்ல உதைப்பீங்க?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்.

எங்கள் டீம் எங்கே ஆடப் போனாலும் அவர் கூடப் போவார். கோடு போடச் சுண்ணாம்பு, பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு, ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம், எல்லாம் அவர் பொறுப்பு. விளையாடுகிறவர்களுக்குச் சத்தம்போட்டு யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருத்தனும் கேட்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார். அவர் மனைவி ஐவி ஒருநாள் மணியார்டர் அனுப்ப வந்தபோது சொன்னார்: "சார், இந்த மனுஷனுக்கு என் பொறந்த நாள் தெரியாது. டீமுல ஆடுற பாலனுக்கு எந்த முட்டியில சிராய்ப்புன்னு கேளுங்க, சொல்லுவாரு."

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. பாறைத்தோட்டத்து மைதானத்தில் லாம்பன் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

பாறைத்தோட்டம் எங்களுக்கு இரண்டு மலை தள்ளி இருக்கிறது. எங்களைவிடப் பெரிய எஸ்டேட். வருஷத்துக்கு இரண்டு ஆட்டம். ஆகஸ்ட் பதினைந்து எங்கள் மைதானத்தில், ஜனவரி இருபத்தாறு அவர்கள் மைதானத்தில். எங்கள் மைதானம் சரிவானது. இரண்டாம் பாதிக்கு மேட்டுப்பக்கத்தை வைத்துக்கொள்வோம், பந்தே தானாக உருண்டு எதிரி கோலுக்குப் போகும், அதனால் அப்படி இப்படி ஜெயித்துவிடுவோம். அவர்கள் மைதானம் தட்டையானது. தட்டையான மைதானத்தில் ஆடத் தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் பிரச்சினை. தனசிங் போக ஆரம்பித்த இருபத்துநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கே ஜெயித்ததில்லை.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. மரக் கோல்கம்பத்தை மைதானத்தில் விட்டுவைத்தால் காலையில் யாராவது ஒருவர் வீட்டு அடுப்பில் எரிந்துகொண்டிருக்கும். அதனால் ஆட்டம் முடிந்ததும் பிடுங்கி, மேட்டில் இருக்கும் ஷெட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தூக்குவது தோற்ற கட்சி. இருபத்துநாலு வருஷமாக அந்தக் கம்பங்களை எங்கள் ஆட்கள்தான் தூக்கினார்கள். களைத்துப்போன பையன்களோடு தனசிங்கும் ஒரு முனைக்குத் தோள் கொடுப்பார். தோளில் அந்த இடம் காய்த்தே போயிருந்தது என்று ஐவி சொல்வார்.

இரண்டாயிரத்து ஒன்று நவம்பரில் எங்கள் ஃபேக்டரியைப் பூட்டினார்கள். தேயிலை விலை விழுந்துவிட்டது என்றார்கள். விழுந்ததை யார் பார்த்தது, எங்களுக்குத் தெரிந்தது பூட்டு மட்டும்தான். சீக்கிரம் திறந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு எஸ்டேட் மேனேஜர் துரை குன்னூருக்குப் போனார். தனசிங்கை மட்டும் சாவியோடு காவலுக்கு விட்டுவைத்தார்கள்.

ஒரு தோட்டம் சாவதைப் போஸ்ட் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கலாம். முதலில் மணியார்டர் போவது நிற்கும். பிறகு மணியார்டர் வர ஆரம்பிக்கும். பிறகு முகவரி மாற்றச் சொல்லி அட்டை வரும், திருப்பூர், திருப்பூர், எல்லாம் திருப்பூர். முந்நூறு குடும்பம் அறுபதாக ஆயிற்று. கவ்வாத்து வெட்ட ஆள் இல்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து, அதற்குள் பன்றி படுத்தது. மிச்சம் இருந்தவர்கள் தினமும் தனசிங்கை மறித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சங்கு எப்போது ஊதும்? ஃபேக்டரிச் சங்கு ஊதினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அவரும் சலிக்காமல், "ஊதுவாங்க, ஊதுவாங்க" என்பார். அவருக்கு உள்ளே நம்பிக்கை இருந்ததா என்று நான் கேட்டதில்லை. எனக்கு இல்லை.

இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் டீமுக்குப் பதினோரு ஆள் தேறவில்லை. தேறிய ஒன்பது பேரில் உருப்படியாக ஆடத் தெரிந்தவன் பாலன் ஒருவன்தான். அவன் அம்மா ஆயம்மாள் கொழுந்தெடுக்கிறவள், புருஷன் இல்லாதவள். அவளும் திருப்பூருக்குக் கிளம்ப முடிவுசெய்து, இருபதாம் தேதி ஜீப்பும் பேசிவிட்டாள். தனசிங் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். பக்கத்து லயத்து வரிசைவீட்டில் ரெஜிஸ்டர் தபால் கொடுக்கப் போயிருந்த நான் அதைப் பார்த்தேன்.

"ஆயம்மா, ஒரு வாரம் பொறுத்துக்க. இருபத்தாறாம் தேதி ஆட்டம் முடியட்டும். அடுத்த வருஷம் நம்மகிட்ட டீமே இருக்காது."

"அங்க வேலைக்கு ஆள் கேட்டுருக்காங்கண்ணே. லேட்டானா வேற ஆளப் போட்டுருவாங்க."

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழம. திங்கக்கெழம காலைல நானே மூட்டய ஜீப்புல ஏத்தி விடுறேன்."

அவள் கட்டிவைத்திருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். ஜீப்பைத் திங்கட்கிழமைக்கு மாற்றினாள்.

மிச்ச இரண்டு இடத்துக்கு ஒரு லாரி கிளீனரையும் என்னையும் பிடித்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொன்று, தொப்பை வேறு. போஸ்ட்மாஸ்டரைப் பேக்கில் நிறுத்துகிற டீம் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பாறைத்தோட்டத்துக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பாவம் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். என் கால் இடுக்கில் போன பந்து அது, மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் அவர்கள் ஆளே தலையால் தட்டித் தங்கள் கோலுக்குள் விட்டான். அப்புறம் அவர்கள் மூச்சுவிடாமல் அடித்தார்கள், பந்து கம்பத்தில் பட்டது, எங்கள் கோல்கீப்பர் முகத்தில் பட்டது, ஒருமுறை என் தொப்பையில் பட்டது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது பாலன் கார்னர் அடித்தான். காற்று தூக்கியதா, அவன் நினைத்துத்தான் அடித்தானா, இன்றுவரை அவனுக்கே தெரியாது. பந்து வளைந்து நேராக உள்ளே போயிற்று. இரண்டுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் நான் தனசிங்கைத் தேடினேன். துள்ளுவார், அழுவார் என்று நினைத்தேன். மனிதர் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஏனுங்ணா, ஜெயிச்சுட்டோமுங்க" என்றேன்.

"பாத்தேன் சார்" என்றார். அவ்வளவுதான்.

பாறைத்தோட்டத்துப் பையன்கள் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கினார்கள். இவர் எழுந்து போய் ஒரு முனையில் தோளைக் கொடுத்தார். "அண்ணே, விடுங்க, இன்னைக்கு இது எங்க வேலை" என்று ஒருவன் சொன்னான். "பழகிப்போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு ஷெட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். ஜெயித்தவன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இறங்கி வரும்போதுதான் அழுதார்.

அன்று கடைசி பஸ் வரவில்லை. அங்கேயே சர்ச் ஹாலில் படுத்து, விடிந்ததும் பால் வேனில் தொற்றிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் கைகாட்டி முக்கில் இறங்கியதும் பையன்கள் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்காரர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறவர், "களி ஜயிச்சோ?" என்று மலையாளத்தில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டு, எல்லோருக்கும் பெரிய கிளாஸில் ஊற்றினார். தனசிங் டீ குடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குறுக்குப் பாதையில் இழுத்துக்கொண்டு போனார். மணி ஏழு ஆகவில்லை, பனி காலடியில் நொறுங்கியது.

வழியில்தான் சொன்னார். பழைய துரை ஒருவர் காலத்தில், டீம் வெளியூரில் ஜெயித்து வந்தால் ஃபேக்டரிச் சங்கை ஊதுவார்களாம். வேலைக்கு என்றால் நீளமாக ஒன்று, ஜெயித்தால் குட்டையாக மூன்று. கடைசியாக ஊதியது எண்பத்தாறில், வேறொரு எஸ்டேட்டில் ஜெயித்தபோது. நான் வருவதற்கு முன்னால் நடந்தது.

"இப்ப ஊதலாமுங்ளா? கம்பெனில கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்லப் போறாங்க. பாறைத்தோட்டத்துல ஜெயிச்சிருக்கோம் சார். ஊதாம இருந்தா அது எதுக்கு இருக்கு?"

எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இதை மறைத்தால் நான் மனிதனில்லை. ஜெயித்த வெறி எனக்கும் தலையில் இருந்தது.

ஃபேக்டரிக்குக் கரண்ட் இல்லை. கையால் சுற்றுகிற பழைய சங்கு ஒன்று கரண்ட் போகிற நாளுக்காக மாடியில் இருந்தது. அவர் கைப்பிடியைச் சுற்ற, நான் தாங்கியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். எண்பத்தாறில் ஊதியது பாய்லர் விசில். கயிற்றை இழுத்தால் கூவும், விட்டால் நிற்கும். இந்தக் கைச்சங்கு அப்படியில்லை. சுற்றுவதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் அடங்க நேரமாகும். அது அடங்குவதற்குள் அவர் இரண்டாவதைச் சுற்றினார், அது அடங்குவதற்குள் மூன்றாவதை. எங்களுக்கு அது மூன்று. கீழே லயத்தில் படுத்திருந்தவர்களுக்கு நீளமாக ஒன்று. இது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

கீழே இறங்கி, ஆட்கள் காலையில் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து நின்றோம். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, அப்புறம் கூட்டமாக. தனசிங்கின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களா சார், தோட்டமே வருது. இன்னும் மறக்கல பாருங்க" என்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் போனார்.

நான்தான் முதலில் கவனித்தேன். அவர்கள் தோளில் கூடை இருந்தது. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தார்கள், தலையில் துணி சுற்றியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், யாரும் சொல்லாமலே பழைய வரிசையில் போய் நின்றார்கள். பதினாலு மாசம் கழித்தும் அவரவர் இடம் அவரவர்க்கு நினைவிருந்தது. பேச்சியம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். சிலோனிலிருந்து வந்த நாளிலிருந்து இந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள், எழுபது இருக்கும்.

தனசிங்கின் கை விரிந்தபடியே நின்றது.

"தொரை வந்துட்டாரா தனசிங்கு?" என்று பேச்சியம்மா கேட்டாள். "இன்னைக்கு எந்தக் காட்டுல கொழுந்து?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஆயம்மாள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. அவள் இடுப்பில் இருந்த படங்கு மடிப்புக் கலையாமல் இருந்தது, கட்டிவைத்த மூட்டையைப் பிரித்து எடுத்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஜீப்பத் திருப்பி அனுப்பிட்டேண்ணே. பாதி சாமான் ஏத்தியாச்சு. சங்கு கேட்டதும் எல்லாத்தயும் எறக்குன்னுட்டேன். அந்தாளு கத்திட்டே போறான். போனாப் போறான்."

அறுபது வீட்டு ஜனமும் தனசிங்கையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஜெயிச்சுட்டோம்" என்றார்.

"யாரு?"

"நம்ம டீமு. பாறைத்தோட்டத்துல. ரெண்டுக்கு ஒண்ணு." பிறகு, கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்வதுபோல, "பாலன்தான் அடிச்சான்" என்றார். "அதுக்குத்தான் ஊதுனேன்."

யாராவது திட்டியிருக்க வேண்டும். ஒரு கல்லை எடுத்து எறிந்திருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார், நானும் பிழைத்திருப்பேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சியம்மா மட்டும், "ஜெயிச்சீங்களா, நல்லது" என்றாள். கூடையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மற்றவர்களும் திரும்பினார்கள். ஆயம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஜீப் கிடைக்கவில்லை. சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்கு, மூன்று கிலோமீட்டர், அவள் சாமானையெல்லாம் தனசிங் கைகாட்டி வரை தலையில் சுமந்தார். நாலு நடை. பாலன் வாங்க வந்தும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஆயம்மாள் படியில் நின்று அவரிடம் சொன்னாள்: "ஒரு அர மணி நேரம் நல்லா இருந்துச்சுண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் மனசில் வைத்துக்கொண்டார்.

ஆயம்மாள் போன பிறகு மளமளவென்று மற்றவர்களும் போனார்கள். சங்கு ஊதுமோ என்று இன்னும் காத்திருந்தவர்களுக்கு, ஊதியும் பார்த்தாயிற்று என்று ஆகிவிட்டது. மே மாதத்துக்குள் பதினேழு வீடுதான் மிச்சம். தனசிங் ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து, கம்பெனிக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொல்லி என் மேஜையில் வைத்தார். அவரும் ஐவியும் திருப்பூரில் மகள் ரோஸ்மேரி வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் முகவரி மாற்ற அட்டையில் முத்திரை குத்தியதும் நான்தான். மறு வருஷம் என் போஸ்ட் ஆபீசையும் மூடினார்கள்.

ஆறு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் திருப்பூர் போனபோது அவரைத் தேடிப் போனேன். ஒரு பனியன் கம்பெனி வாசலில் காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். முடி சுத்தமாக நரைத்திருந்தது. பாலன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். உள்ளே கட்டிங்கில் இருக்கிறான் என்றும், பந்தெல்லாம் விட்டுவிட்டான் என்றும் சொன்னார். கூட இருந்த இன்னொரு காவல்காரன் வயநாட்டுப் பக்கத்து ஆள், ஃபுட்பால் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். எனக்கு அவரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது. வாய் சும்மா இருக்குமா.

"இவரு யாருன்னு தெரியுமுங்ளா? பாறைத்தோட்டத்துக்கே போயி, அவங்க கிரவுண்டுல அவங்கள ஜெயிச்ச டீமு இவரோடது" என்றேன்.

தனசிங் என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே வந்து நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"சார் வெளையாட்டுக்குச் சொல்றாரு. நாங்க அங்க ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல."

அந்தக் காவல்காரன் என்னைப் பார்த்தான். அந்த ஆட்டத்தில் தொண்ணூறு நிமிஷம் ஆடியவன் நான். பாலன் அடித்த பந்து உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தவன்.

"ஆமாங்க" என்றேன். "தோத்துட்டுத்தான் வந்தோம்."